ஃப்ரைடு ரைஸ், மஞ்சூரியன்: வீட்டிலேயே செய்யலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு தடவை கடை ஃப்ரைடு ரைஸ் கேட்கிறார்கள். வீட்டில் செய்தால் குழைந்து போகிறது, கடை ருசியும் வருவதில்லை. சாஸ் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் சரியாகுமா?
(வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

சாஸை எவ்வளவு ஊற்றினாலும் வராதும்மா. கடை ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு தீயினுடையது. கடலூரில் சாயங்காலம் போடுகிற ஒரு தள்ளுவண்டிக் கடையில் பார்சலுக்கு நின்றபோது மாஸ்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைக்கு ஒரு பிளேட், கூட்டம் அதிகமென்றால் இரண்டு, அதற்கு மேல் அவர் சட்டியில் போடவே இல்லை. சட்டி புகைகிற வரை காத்திருந்து எண்ணெய், முட்டை, கோஸ், அப்புறம் சாதம், எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. சாதம் அந்தச் சூட்டில் பட்டு, ஈரம் ஆவியாகி, ஓரம் லேசாகக் கருகும்போது ஒரு வாசனை வருமே, உங்கள் பிள்ளைகள் தேடுவது அதைத்தான். நாம் என்ன செய்கிறோம்? ஆறு பேருக்கும் ஒரே சட்டியில் கொட்டிக் கிண்டுகிறோம். சட்டியின் சூடு இறங்கிவிடுகிறது, காய் தண்ணீர் விடுகிறது, சாதம் அந்தத் தண்ணீரில் வேகிறது, ருசி இல்லையே என்று மேலே சாஸை ஊற்ற அது இன்னும் சொதசொதவென்று ஆகிறது.

அதே மாஸ்டர் ஒரு பிளேட்டுக்குக் குழிக்கரண்டி நிறைய எண்ணெய் விட்டதையும் பார்த்தேன். அது நமக்கு வேண்டாம். தீயை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வோம்.

பாஸ்மதி வாங்க வேண்டியதில்லை, பொன்னி அரிசியே போதும். உப்புப் போடாமல், வழக்கத்தைவிட ஒரு பதம் முன்னாலேயே வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்கு அடியில் ஆறவிட்டு, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் பருக்கை பருக்கையாக உதிரும், ஏனென்றால் குளிர்ந்த சாதத்தில் மாவுச்சத்து இறுகிவிடும். ஆனால் ராத்திரி முழுக்க மேடையில் கிடந்த சாதத்தை எடுத்து வறுக்காதீர்கள், இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி, அரிசியோடு வரும் அதன் வித்துகள் சோறு வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். வெளியில் கிடக்கிற சாதத்தில் அது பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு திரும்ப வறுத்தாலும் போகாது. நம் கடலோரப் புழுக்கத்தில் சாதம் ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.

இரண்டு பேருக்கு இரண்டு கப் சாதம் என்றால் காயும் இரண்டு கப் இருக்கட்டும். கோஸ், கேரட், பீன்ஸ், குடைமிளகாய், எது இருக்கிறதோ அது, மெல்லிசாக நறுக்கி ஈரம் இல்லாமல் துடைத்தது. எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், முட்டை இரண்டு, பூண்டு நிறைய, சோயா சாஸ் ஒன்றரை டீஸ்பூன், மிளகுத்தூள், கடைசியில் வினிகர் சில சொட்டும் வெங்காயத்தாளும். பழகிய இரும்புச் சட்டி இருந்தால் அதுதான் சிறந்தது. நான்ஸ்டிக் வேண்டாம், அவ்வளவு சூட்டுக்கு அது ஆகாது. நான்கு பேர் என்றால் இரண்டு தடவையாகப் போடுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

கேள்வி: அஜினோமோட்டோ விஷம் என்கிறார்களே, உண்மையா?
(வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

விஷம் இல்லை. 1908-ல் ஜப்பானில் கிகுனே இக்கெடா என்ற வேதியியல் பேராசிரியர், கொம்பு என்கிற கடற்பாசியில் கொதித்த சாற்றுக்கு ஏன் அப்படி ஒரு ருசி என்று தேடிப் போய்க் கண்டுபிடித்தது குளூட்டமேட், அதன் உப்புதான் அஜினோமோட்டோ. அதே குளூட்டமேட் நாம் ரசத்துக்குக் கரைக்கிற பழுத்த தக்காளியிலும் இருக்கிறது, காளானிலும் இருக்கிறது. 1968-ல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்த கடிதத்திலிருந்துதான் சைனீஸ் சாப்பாடு சாப்பிட்டால் உடம்புக்கு ஏதோ செய்கிறது என்ற பேச்சு பரவியது. அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகளில், வழக்கமாகச் சாப்பாட்டில் சேர்க்கிற அளவுக்கு அது கெடுதல் என்று நிரூபணமாகவில்லை. சிலருக்கு வெறும் வயிற்றில் நிறையப் போனால் தலைவலி, முகம் சூடாவது மாதிரி வருவதுண்டு, அவர்கள் தவிர்த்துவிடலாம்.

வீட்டில் தேவையா என்றால், தேவையில்லை. உலர்ந்த காளான் நான்கைந்தை ஊறவைத்து அந்தத் தண்ணீரைச் சூப்பிலும் கிரேவியிலும் விடுங்கள், அதே ருசி கிடைக்கும். அஜினோமோட்டோவைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிற சோயா சாஸ் பாட்டிலை மறந்துவிடுகிறார்களே என்பதுதான் என் கவலை. காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி: மாமனாருக்கு பிபி. சூப்பும் நூடுல்ஸும் ஆசைப்பட்டுக் கேட்கிறார். கொடுக்கலாமா?
(வாசகி, நெல்லிக்குப்பம்)

கொடுங்கள், ஆனால் அளந்து கொடுங்கள். பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன், சோடியக் கணக்கில் 2000 மில்லிகிராம். சாதாரண சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூனிலேயே சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது! இதற்கு மேல் சில்லி சாஸ், தக்காளி சாஸ், சூப் பாக்கெட் தூள், எல்லாவற்றிலும் உப்புதான்.

அவருக்குச் செய்யும்போது தனி உப்பே போடாதீர்கள். ஒரு டீஸ்பூன் சோயா சாஸை இரண்டு டீஸ்பூன் தண்ணீரில் கலந்து, அடுப்பை அணைக்கப் போகும்போது ஊற்றுங்கள், கடைசியில் போட்டால் கொஞ்சமே நாக்குக்குத் தூக்கலாகத் தெரியும். புளிப்பும் உப்புக் குறையை மறைக்கும், வினிகரோ எலுமிச்சையோ விடலாம். இன்னொன்று, சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகத் தொந்தரவு இருந்தாலோ பிபி மாத்திரை சாப்பிட்டாலோ மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

நூடுல்ஸுக்கு ஒரு வழி: காலையில் மீந்த இடியாப்பத்தை ஆறவைத்து உதிர்த்து, வதக்கிய காய், பூண்டு, மிளகோடு ஒரு புரட்டு புரட்டுங்கள். எங்கள் வீட்டில் இதற்குத்தான் சண்டை.

கேள்வி: கோபி மஞ்சூரியனைப் பொரிக்காமல் செய்ய முடியுமா? கடையில் இருக்கிற சிவப்பு எப்படி வரும்?
(வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி)

அந்தச் சிவப்பு வர வேண்டாம். பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருக்கிறது என்று 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் அதைத் தடை செய்தது நினைவிருக்கும். அடுத்த மாதமே கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கவும் தடை போட்டார்கள். ரோடமின்-பி துணிக்குப் போடுகிற சாயம். நாலைந்து காஷ்மீரி மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, பூண்டும் வினிகரும் சேர்த்து அரைத்தால் நல்ல செம்மை வரும், காரமும் அதிகமிருக்காது.

பொரிப்பதற்கு உங்கள் வீட்டிலேயே ஒரு சாமான் இருக்கிறது, குழிப்பணியாரச் சட்டி! பூக்களை மஞ்சள் போட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம் விட்டு எடுத்து, துணியில் பரப்பி நன்றாக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு வராது. இரண்டு பங்கு கார்ன்ஃபிளார், ஒரு பங்கு அரிசி மாவு, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், கெட்டியாகக் கலந்து பூவில் பூசி, குழிக்கு அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டுத் திருப்பித் திருப்பிச் சிவக்க விடுங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிற வேலையும் மிச்சம். பூண்டு, வெங்காயம், குடைமிளகாய் வதக்கி, அரைத்த விழுதும் சோயா ஒரு டீஸ்பூனும் விட்டு, சாப்பிட உட்காரும்போது பூவைப் போட்டுப் புரட்டுங்கள். முன்னாடியே போட்டால் ஊறிவிடும்.

கேள்வி: முந்திரி போட்ட இறால் வறுவல் ஹோட்டலில் சாப்பிட்டேன். வீட்டில் செய்ய முடியுமா?
(வாசகர், கடலூர் முதுநகர்)

துறைமுகத்து இறாலும் பண்ருட்டி முந்திரியும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கேட்கிறீர்களே! இறாலை உரித்து, நடுவில் ஓடுகிற கறுப்பு நரம்பை எடுத்து, ஒரு முட்டை வெள்ளையும் ஒரு டீஸ்பூன் கார்ன்ஃபிளாரும் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். முந்திரியை எண்ணெயில்லாமல் வறுத்துத் தனியே எடுத்துவிடுங்கள். அப்புறம் காய்ந்த மிளகாய், பூண்டு, இறால். அது உள்ளே சுருண்டு நிறம் மாறியதும், இரண்டு மூன்று நிமிடம்தான், இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். முந்திரி ஆளுக்கு ஏழெட்டு போதும்.

கேள்வி: எங்கள் பாட்டி சைகோனில் இருந்தவர். வீட்டில் சாயோ (வியட்நாம் ஸ்பிரிங் ரோல்) செய்வோம். அதையும் எண்ணெயில்லாமல் செய்யலாமா?
(வாசகி, புதுச்சேரி)

எண்ணெயில்லாமல் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். அரிசித் தாளில் சுருட்டிப் பொரிக்கிற அந்தப் பதம் வேறு எப்படியும் வராது, அது உங்கள் வீட்டுக் கை. எப்போதாவது செய்யுங்கள், புது எண்ணெயில் பொரியுங்கள். லெட்யூஸ் இலையில் வைத்து, புதினா, கொத்தமல்லி நிறையச் சுற்றி, மீன் சாஸில் பாதிக்கு மேல் தண்ணீரும் எலுமிச்சையும் கலந்து தொட்டுக்கொள்ளுங்கள். இலை அதிகமாகப் போகப் போகச் சாயோ தானாகவே இரண்டோடு நின்றுவிடும். பாட்டி அதற்குள் என்னென்ன வைப்பார் என்று எழுதி அனுப்புங்கள், எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.