ஆன், ஆர், பலி: செய்தித் தமிழ் பற்றிக் கேட்டவை

கோலாலம்பூர் நாளேடு ஒன்றில் 28 ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவன் நான். செய்தி படிக்கும்போது உறுத்துகிற சொற்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இவை.

செந்தூல் இளைஞர்: ஐயா, மோட்டார் சைக்கிள் திருடியதாகப் பிடிபட்டவர் "கைதானான்"; லஞ்ச வழக்கில் சிக்கிய, டத்தோ பட்டம் பெற்றவர் "கைதானார்". ஒரே பக்கத்தில் இப்படி எழுதலாமா?

கூடாது, தம்பி. இருவருக்கும் இன்னும் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. போலீஸ் அறிக்கை நமக்கு மலாயில் வருகிறது. மலாயில் வினைச்சொல் ஆளைப் பார்த்து மாறாது; 'டியா' என்றால் அவனும் அவளும்தான். தமிழில் எழுதும்போது விகுதியை நாம்தான் சேர்க்கிறோம். ஆகவே அந்த இளைஞருக்கு நேர்ந்த அவமதிப்பு அறிக்கையில் இருந்ததல்ல, நம் மேசையில் ஒட்டிக்கொண்டது. வீட்டுப் பணிப்பெண் "ஓடினாள்", அந்நியத் தொழிலாளி "சிக்கினான்" என்பதும் இதே கதைதான். "திருடியதாகச் சந்தேகிக்கப்படும் இளைஞர் கைதானார்" என்று எழுதினால் போதும். கொலைகாரனுக்கும் 'ஆர்' போடுவதா என்று என்னிடம் சண்டை பிடித்தவர்கள் உண்டு. எல்லாருக்கும் போடுங்கள் என்றுதான் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பத்து வயதுச் சிறுவன் என்றால் மட்டும் 'ஆன்' இயல்பாக வரும், அதில் குறையில்லை.

பட்டர்வொர்த் ஆசிரியை: "விபத்தில் மூவர் பலி" என்ற தலைப்பைப் படிக்கவே மனம் கூசுகிறது.

எனக்கும்தான், அம்மா. பலி என்பது தெய்வத்துக்குக் கொடுப்பது. சாலையில் இறந்தவரை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டே எழுத்து, தலைப்பில் அடங்கும் என்பதுதான் அதற்குள்ள ஒரே வசதி. ஓர் இரவு நெடுஞ்சாலை விபத்துச் செய்தியில் 'பலி'யை அடித்து 'மரணம்' என்று திருத்தினேன். இறந்தவரின் மாமா எங்கள் அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. விடியற்காலையில் அவர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஜார்ஜ் டவுன் வாசகர்: மாநில அரசின் தலைவரைச் சிலாங்கூரில் மந்திரி பெசார் என்கிறார்கள், எங்கள் பினாங்கில் முதலமைச்சர். ஏன்?

சிலாங்கூரில் சுல்தான் இருக்கிறார், பினாங்கில் ஆளுநர். பதவியின் பெயரே வேறு. சரவாக்கில் 2022 முதல் பிரீமியர் என்கிறார்கள். மூன்றையும் 'முதல்வர்' என்று ஒன்றாக்கிவிடக் கூடாது.

காஜாங் மாணவி: சென்னைப் பத்திரிகைகளில் 'அமைச்சகம்', இங்கே 'அமைச்சு'. எது சரி?

இரண்டும் சரி. நம் ஊர்ச் செய்திக்கு அமைச்சு என்றே எழுதம்மா.

அதே மாணவி: ஒற்று விட்டால் பொருள் மாறுமா, ஐயா?

மாறும். 'தந்த பலகை' யாரோ கொடுத்தது. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது. பள்ளிக்கு நன்கொடையாக வந்த பலகையைப் பற்றிய செய்தியில் அந்த ஒரு 'ப்' கூடுதலாக விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்.