மேல் கடைவாய்ப் பல்லுக்கு இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்க எலும்பு போதாது என்கிறார்கள். எந்த எலும்பு ஒட்டு நல்லது?

எந்த ஒட்டு என்று கேட்பதற்கு முன், அந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் எலும்பு மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள்.

நான் பல்லைப் பிடுங்கியபின் மூன்று வருஷம் அப்படியே விட்டுவிட்டேன். மேல் கடைவாய்ப் பல்லின் வேருக்கு மேலே சைனஸ் காற்றறை இருக்கிறது, பல் போனதும் கீழே எலும்பு கரைய, மேலே சைனஸ் இறங்கி வர, நடுவில் இருப்பது இரண்டு பக்கமும் மெலிந்துகொண்டே போகும். சிபிசிடி ஸ்கேனில் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) டாக்டர் கோடு போட்டு அளந்தபோது எனக்கு 4 மில்லிமீட்டர்தான் இருந்தது.

8 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஒட்டே தேவைப்படாது. 5 முதல் 8 வரை என்றால் இம்ப்ளாண்டுக்குப் போடும் துளை வழியாகவே சைனஸ் சவ்வை, அதாவது காற்றறையின் உட்புற மெல்லிய தோலை, மெல்ல மேலே தூக்கி அடியில் ஒட்டு வைக்கலாம், இல்லையென்றால் 6 மில்லிமீட்டர் குட்டை இம்ப்ளாண்ட் போதுமா என்று கேட்டுப் பாருங்கள், பல பேருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும். 5-க்கும் குறைந்தால் பக்கவாட்டில் எலும்பில் ஒரு சின்ன ஜன்னல் திறந்து, சவ்வைத் தூக்கித்தான் அடியில் நிரப்பவேண்டி வரும்.

சரி, எதை நிரப்புவது? சொந்த எலும்பு சீக்கிரம் உயிர்பிடிக்கும், ஆனால் அதை எடுக்கத் தாடையில் இன்னொரு காயம், அதோடு சீக்கிரம் கரையவும் செய்யும். பதப்படுத்திய மாட்டு எலும்புத் துகள் மிக மெதுவாகத்தான் கரையும், தூக்கிய உயரம் நிற்கும். எனக்கு அதைத்தான் வைத்தார்கள், ரத்தத்தில் குழைத்தபின் பார்க்க ஈர மணல் போல இருந்தது. மாட்டு எலும்போ இன்னொருவர் தானமாகத் தந்த எலும்போ மனசுக்கு ஒப்பவில்லை என்றால் தயங்காமல் முன்பே சொல்லிவிடுங்கள், செயற்கைத் துகளும் இருக்கிறது, சைனஸுக்குள் அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது.

அப்புறம், சவ்வு கிழிந்தால் என்ன செய்வீர்கள் என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். சின்னக் கிழிசல் என்றால் கொலாஜன் படலம் வைத்து மூடிவிடலாம், பெரியது என்றால் தைத்துவிட்டுச் சில மாதம் பொறுத்து மறுபடி செய்வதுதான் நல்லது. இதை நேராகச் சொல்கிற டாக்டரை நான் நம்புவேன். சிகரெட் பிடிப்பவர், அடிக்கடி சைனஸ் தொல்லை உள்ளவர், எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்து எடுப்பவர் எதையும் மறைக்கக் கூடாது.

ஒட்டு வைத்து ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கு இம்ப்ளாண்ட் வைத்தார்கள். ஒட்டு வைத்தபின் முதல் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தவே கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்தபடி தும்மவேண்டும். வலியை விட இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, நடுராத்திரி தும்மல் வந்து பதறி எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் பல்லை இன்னும் பிடுங்கவில்லை என்றால், பிடுங்கும் அன்றே அந்தக் குழியில் ஒட்டு வைக்க முடியுமா என்று கேளுங்கள். கரைவது முழுசாக நிற்காது, ஆனால் நன்றாகக் குறையும்.