பிரேசில் காடும் உலகச் சந்தையும்: நீங்கள் கேட்டவை, எனக்குத் தெரிந்தவை

சோயா சரக்கின் தரம் பார்க்கும் வேலையில் பிரேசிலில் ஏழு வருடம் இருந்தேன், பெரும்பகுதி மாத்தோ குரோசோ மாநிலத்தில். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, அமேசானை அழிப்பது மாடா, சோயாவா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

மாடு முன்னால் போகும், சோயா பின்னால் வரும். காடு வெட்டிய நிலத்தில் பெரும்பங்கு இன்று மேய்ச்சல் புல்தான். 2022 கணக்குப்படி பிரேசில் முழுவதும் மக்கள் 20 கோடி சொச்சம், மாடுகள் 23 கோடிக்கு மேல். ஆனால் இறைச்சிக்காக மட்டும் இவ்வளவு மரம் விழுவதில்லை. அரசு நிலத்தில் மரத்தை வெட்டிக் காயப்போட்டு, மழை நின்ற மாதங்களில் தீ வைத்து, புல் விதைத்து, கொஞ்சம் மாட்டை அவிழ்த்துவிட்டால் இடம் தன் அனுபவத்தில் இருப்பதாகக் காட்டிக்கொள்ளலாம், என்றாவது ஒருநாள் பத்திரம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் நிறைய பேர் இதைச் செய்கிறார்கள். அப்புறம் பழைய மேய்ச்சல் நிலத்தைச் சோயாக்காரர் நல்ல விலைக்கு வாங்குவார், விற்றவர் அந்தப் பணத்தோடு இன்னும் உள்ளே போய்ப் புதுக் காட்டை வெட்டுவார். அதனால் சோயா ஒரு மரத்தையும் தொடவே இல்லை என்று கணக்குக் காட்ட முடியும்.

இறைச்சி நிறுவனங்கள் செயற்கைக்கோள் படம் பார்த்துத்தான் மாடு வாங்குகிறார்களாமே சார்?

பார்க்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் தங்களுக்குக் கடைசியாக விற்ற பண்ணையை மட்டும். கன்று பிறந்தது ஒரு பண்ணை, வளர்ந்தது இன்னொன்று, கொழுக்க வைத்தது மூன்றாவது. மூன்றாவதின் தாள் சரியாக இருந்தால் மாடும் சரியாகிவிடுகிறது. ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் எண் மாட்டிப் பிறந்ததிலிருந்து தொடர்ந்தால்தான் இந்த ஓட்டை அடைபடும்.

உலகத்துக்கு 20 சதவீத ஆக்சிஜன் அமேசான்தான் தருகிறதா?

இல்லை. காடு விடுகிற ஆக்சிஜனை ஏறக்குறைய முழுவதும் அதுவே, அதில் உள்ள உயிர்களே செலவழித்துவிடும். பேச வேண்டியது மழையைப் பற்றி. பெரிய மரம் ஒன்று ஒரு நாளில் சில நூறு லிட்டர் தண்ணீரை ஆவியாக விடும். அந்த ஈரம் காற்றோடு மேற்கே போய், ஆண்டிஸ் மலையில் முட்டித் தெற்கே திரும்பி, மழையாகக் கொட்டும். பிரேசிலில் இதற்குப் ‘பறக்கும் ஆறுகள்’ என்று பெயர். மாத்தோ குரோசோவில் செப்டம்பர், அக்டோபரில் சோயா விதைத்து, ஜனவரி, பிப்ரவரியில் அறுத்த கையோடு அதே நிலத்தில் மக்காச்சோளம் போடுவார்கள். முதல் மழை தள்ளிப்போனால் இரண்டாவது போகம் காய்ந்துவிடும். காட்டை வெட்டிய விவசாயிக்கே காடு வேண்டும் என்பதை அங்கே வயலில் நின்று பார்த்திருக்கிறேன்.

உலகமயமாக்கல் 1990க்குப் பிறகு வந்ததுதானே?

பெயர்தான் அப்போது பரவியது. ரப்பரைப் பாருங்கள். உலகத்து ரப்பரில் பெரும்பங்கு அமேசான் காட்டிலிருந்தே வந்த காலத்தில், 1896இல், மனாஸ் நகரில் நடுக்காட்டில் ஓபரா அரங்கமே திறந்தார்கள். அதற்கு 20 வருடம் முன்பே, 1876இல், ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் தபஜோஸ் ஆற்றுப் பக்கமிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன, பிறகு மலாயா. மலாயா தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்கள் யார் என்று நம் வீடுகளில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோட்ட ரப்பர் சந்தைக்கு வந்ததும் மனாஸ் படுத்துவிட்டது. 1928இல் ஹென்றி ஃபோர்டு அதே தபஜோஸ் கரையில் தோட்டம் போட்டுப் பார்த்தார், மரங்களை நெருக்கி நட்டதால் இலைக்கருகல் பூஞ்சை பரவி அழிந்தது. காட்டில் ரப்பர் மரம் ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி நிற்பதால்தான் பிழைக்கிறது.

ரப்பர் விலை விழுந்த பிறகும் காட்டிலேயே தங்கிய பால் வெட்டிகளின் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் மாட்டுப் பண்ணைக்காரர்கள் வந்தார்கள். ஆக்ரே மாநிலத்தில் சிகோ மெண்டிஸ் என்ற பால் வெட்டி, மரம் அறுக்க வந்தவர்கள் முன்னால் குடும்பம் குடும்பமாகப் போய் நின்று தடுத்தார். 1988 டிசம்பர் 22 அன்று அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். காட்டை வெட்டாமல் அதில் வாழ்கிறவர்களுக்கே அதன் பயனை ஒதுக்கும் காப்புக்காடுகள் அவர்கள் கேட்டதுதான், 1990இல் அவர் பெயரிலேயே ஒன்று வந்தது.

சட்டப்படி சில மரங்களை வெட்டாமல் விடுகிறார்களாமே, அது உதவாதா?

நீங்கள் சொல்வது பிரேசில் நட் மரம், அங்கே கஸ்தான்யெய்ரா. வெட்டத் தடை இருக்கிறது. சாண்டரெம் துறைமுகத்துக்குப் போகும் பிஆர் 163 சாலையில் இதைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் புல், சாலையோரம் லாரியில் சிந்திய சோயா மணிகள், நடுவில் ஆளரவமற்ற வெளியில் ஒற்றையாக ஒரு மரம், அடியில் பழைய தீயின் கரி. அதன் பூவைத் திறக்கப் பெரிய காட்டு வண்டு போன்ற தேனீக்கள் வேண்டும், அவை வெட்டவெளியில் வாழாது. இரும்புக் குண்டு மாதிரி இருக்கும் காயைக் கடித்துத் திறந்து, விதையைப் புதைத்து மறந்துவிட்டுப் போக அகூட்டி என்ற கொறிக்கும் விலங்கு வேண்டும், அதுவும் போய்விட்டது. மரம் நிற்கும். காய்ப்பது அரிது, கன்று முளைக்காது. எனக்கு அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் மனசு கனத்துவிடும்.

மேற்கு நாடுகள் தங்கள் காட்டை அழித்து முன்னேறிவிட்டு இப்போது பிரேசிலுக்குப் பாடம் எடுப்பது நியாயமா?

கோபம் நியாயம்தான், எனக்கும் உண்டு. ஆனால் காட்டை அழித்து வரும் பணம் யாருக்குப் போகிறது என்று ஒருமுறை பாருங்கள் தம்பி. ஆயிரக்கணக்கான ஹெக்டேர் சோயாப் பண்ணையில் வேலை செய்வது இயந்திரமும் விரல்விட்டு எண்ணும் ஆட்களும். 1996இல் வந்த கந்திர் சட்டப்படி, பதப்படுத்தாமல் ஏற்றுமதியாகும் சோயாவுக்கு மாநில வரி கிடையாது. பெரும்பங்கு சீனாவுக்குப் பன்றி, கோழித் தீவனமாகப் போகிறது. லாரி ஓடிக் குழியான சாலை மட்டும் ஊருக்கு.

சுரங்கம் பற்றி?

இரும்புத்தாது கழுவிய சேற்றை, அந்தச் சேற்றின் மேலேயே கரையை உயர்த்திக் கட்டித் தேக்கினார்கள், செலவு குறைவு என்பதால். 2015 நவம்பரில் மரியானா என்ற ஊரில் அப்படி ஒரு அணை உடைந்து 19 பேர் இறந்தார்கள், ரியோ டோசே ஆறு கடல் வரை செஞ்சேறாக ஓடியது. 2019 ஜனவரியில் பிரூமாடின்யோ ஊரில் இன்னொன்று உடைந்து 270 பேர். அணைக்கு நேர் கீழே தொழிலாளர் உணவகம், சாப்பாட்டு நேரம். அந்த முறையில் அணை கட்டுவதைப் பிறகுதான் தடை செய்தார்கள். முதல் அணை உடைந்தபோதே செய்திருக்க வேண்டும்.

நம்பிக்கை வைக்க ஏதாவது இருக்கிறதா அண்ணா?

இருக்கிறது, கணக்கோடு. அமேசானில் 2004இல் ஒரே வருடத்தில் சுமார் 27,800 சதுர கிலோமீட்டர் காடு போனது. 2012இல் அது 4,600க்கு இறங்கியது. செயற்கைக்கோள் எச்சரிக்கை வந்ததும் அதிகாரிகள் நேரில் போனார்கள், காட்டை வெட்டியவருக்கு வங்கிக் கடன் நின்றது, 2006க்குப் பிறகு புதிதாக வெட்டிய நிலத்துச் சோயாவை வாங்க மாட்டோம் என்று வணிகர்கள் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தக் கெடுபிடியைத் தொடங்கியபோது சுற்றுச்சூழல் அமைச்சர் மரினா சில்வா, சிகோ மெண்டிஸோடு களத்தில் நின்ற, ஆக்ரே பால் வெட்டிக் குடும்பத்துப் பெண். கண்காணிப்பைத் தளர்த்தியதும் 2021இல் 13,000ஐத் தாண்டியது, மறுபடி இறுக்கியதும் 2024இல் 6,300 அளவுக்கு வந்தது. ஒரு குறை: அந்தச் சோயா ஒப்பந்தம் அமேசானுக்கு மட்டுமே இருந்தது. பக்கத்துச் செராடோ புல்வெளிக் காட்டில் ஏறக்குறைய பாதி ஏற்கெனவே போய்விட்டது, அங்கே வெட்டு நிற்கவில்லை.

கடைசியாக, சாதாரண மக்கள் ஜெயித்த ஒரு கதை சொல்லுங்களேன்.

மரன்யாவ் மாநிலத்தில் பபாசு என்று ஒரு பனை வகை. பெண்கள் தரையில் உட்கார்ந்து கோடாரியின் வாய் மேலே பார்க்கும்படி காம்பைக் காலால் அமுக்கிக்கொண்டு, காயை அந்த முனையில் வைத்துக் கட்டையால் ஓங்கி அடிப்பார்கள். பருப்பில் எண்ணெய், ஓட்டில் அடுப்புக்கரி. நிலத்தைப் பண்ணைக்காரர்கள் வளைத்து வேலி போட்டதும் காய் பொறுக்கப் போனவர்களை விரட்டினார்கள். அந்தப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து விடாமல் போராடி, 1997இல் லாகோ டோ ஜுங்கோ என்ற சிற்றூரில் சட்டமே கொண்டுவந்தார்கள். நிலம் யாருடையதாக இருந்தாலும் வேலிக்குள் போய்க் காய் பொறுக்கலாம். பின்னால் பக்கத்து ஊர்கள் சிலவும் அதே சட்டத்தைப் போட்டன.