மீல்மேக்கரை விடுங்கள், கடைசி வரிக்கு வருவோம்

கேள்வி: வயது 28. முடி கொட்டுவதற்காக ஐந்து மாதமாக ஃபினாஸ்டரைடு எடுக்கிறேன். விலை குறைவு என்பதால் 5 மி.கி. மாத்திரையை மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கி நான்காக வெட்டிக்கொள்கிறேன். ஹார்மோன் கெடும் என்று படித்ததால் பால், முட்டை, மீல்மேக்கர் எல்லாம் நிறுத்திவிட்டேன். பூசணி விதை, அமுக்கரா (அஸ்வகந்தா), பயோட்டின் வைட்டமின் மாத்திரை எடுக்கிறேன். இரண்டு மாதத்தில் 9 கிலோ குறைந்துவிட்டது. ஆசையும் குறைந்துவிட்டது. தை மாதம் கல்யாணம். இது நிரந்தரமாகிவிடுமா? டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். தூக்கமும் இல்லை. சில நாள் காலையில், எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது.
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்:

தம்பி, மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியதில்லை, நிறுத்துவதால் உடம்புக்கு எந்தக் கெடுதலும் வராது.

இதைச் சொல்வது உங்கள் கடைசி வரிக்காக. ஆசை குறைந்ததற்கோ, மீல்மேக்கருக்கோ அல்ல. இந்த மருந்தால் சிலருக்கு மனச்சோர்வு வருகிறது, அரிதாகத் தற்கொலை எண்ணமும் வருகிறது. ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025-ல் இதை ஃபினாஸ்டரைடின் பக்கவிளைவாகவே உறுதிசெய்தது. உங்களுக்கு வந்தது மருந்தாலா, பட்டினியாலா, கல்யாணக் கவலையாலா என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. காரணம் தெரியும்வரை காத்திருக்கவும் கூடாது. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்ததா? வந்திருந்தால் இன்று ராத்திரி தனியாகப் படுக்காதீர்கள். அண்ணனோ நண்பரோ, ஒருவரிடம் அப்படியே சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அந்த அளவுக்கு இல்லை என்றாலும், இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நிறுத்தியாயிற்றே, தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, நீங்கள் கேட்க வந்த கேள்வி. 1 மி.கி. மாத்திரையை வைத்து நடந்த பெரிய ஆய்வுகளில், ஆசைக்குறைவோ விறைப்புக் குறைபாடோ வந்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களிலும் நூற்றுக்கு இரண்டு பேருக்கு அதே தொந்தரவு வந்தது. 2007-ல் இத்தாலியில் வெளியான ஓர் ஆய்வில், 5 மி.கி. மாத்திரை எடுத்த ஒரு குழுவிடம் ‘இப்படி ஆகலாம்’ என்று முன்பே சொன்னார்கள், இன்னொரு குழுவிடம் சொல்லவில்லை. கேள்விப்பட்டவர்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கும், கேள்விப்படாதவர்களில் 15 சதவீதம் பேருக்கும் தொந்தரவு வந்தது. ராத்திரி ஒரு மணிக்குப் போனில் படிப்பது என்ன செய்யும் என்று இதிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். நிறுத்தியும் தொந்தரவு நீடிப்பதாகச் சொல்பவர்கள் சிலர் உண்டு, அவர்களைப் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் அளவுக்குப் பயப்பட இதில் ஒன்றும் இல்லை.

சாப்பாட்டு விஷயம். மீல்மேக்கர் ஆணின் டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதில்லை. பாலும் முட்டையும் முடியைக் கொட்டவைப்பதில்லை. பூசணி விதை நல்ல தின்பண்டம், அவ்வளவுதான். உணவு ஹார்மோனைத் தொடும் இடம் வேறு. தொப்பைக் கொழுப்பில் டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறுகிறது. அதனால் குண்டாக இருப்பவர் நிதானமாக எடை குறைத்தால் பலன் உண்டு. நீங்கள் செய்தது அது இல்லை. இரண்டு மாதத்தில் 9 கிலோ போனால், உடம்பு அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்ளும். டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், ஆசை போகும், தூக்கம் கெடும். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக வரும். எதற்குப் பயந்து பட்டினி கிடந்தீர்களோ, அதையே பட்டினி கொண்டுவந்துவிடும். நாளைக் காலையிலிருந்து இரண்டு முட்டை சாப்பிடுங்கள்.

ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ரத்தம் எடுத்த நேரம் மாலை 4.40 என்று அச்சாகியிருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், மாலையில் இறங்கிவிடும். போதாததற்குப் பயோட்டின் வேறு. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை எண்களையே அது மாற்றிக் காட்டும். அந்தத் தாளைத் தூக்கிப் போடுங்கள். பயோட்டினை நிறுத்துங்கள், பற்றாக்குறை இல்லாதவருக்கு அது முடி வளர்க்காது. அமுக்கராவையும் நிறுத்துங்கள், ஈரல் பாதிப்பு வந்தவர்கள் உண்டு.

மார்புக் காம்புக்கு அடியில் வலியோ கட்டியோ தெரிந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரையை வெட்டுவது பற்றி ஒன்று. வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அந்தத் தூள் அவர்கள் கையில் படவே கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் பிறப்புறுப்பு உருவாவதையே அது பாதிக்கலாம். எந்த மேஜையில் வெட்டினீர்களோ அதைத் துடைத்துவிடுங்கள், மிச்ச மாத்திரைகளை வீட்டில் வைக்காதீர்கள். மருந்துச் சீட்டு கேட்காமல் கொடுத்த அந்தக் கடைக்கு இனிப் போகவேண்டாம்.

ஒரு மாதம் கழித்து, காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, அந்த ரிப்போர்ட்டோடு உங்கள் ஊரில் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். தலையில் தடவும் மினாக்சிடில் இருக்கிறது, முடி பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம். இந்த வாரம் மனநல மருத்துவரை மட்டும் பாருங்கள்.