அது திருடன் பாட்டு இல்ல தம்பி

வணக்கம் அக்கா,

நாங்க டப்ளின் வந்து ஏழு வருஷம் ஆச்சு. பொண்ணு அஞ்சாம் கிளாஸ். ஸ்கூல்ல 'ஃபீல்ட்ஸ் ஆஃப் அத்தன்ரை'ன்னு ஒரு பாட்டு சொல்லிக்கொடுத்திருக்காங்க, வீட்டுல எந்நேரமும் அதான். இப்ப எங்க தமிழ்ச் சங்க விழா மேடையிலயும் அதையே பாடுவேன்னு அடம் பிடிக்கிறா. கேட்டுப் பார்த்தா சோளம் திருடி ஜெயிலுக்குப் போறவனப் பத்தின பாட்டு! 1979ல எழுதினதாம், அப்புறம் அது எப்படி நாட்டுப்புறப் பாட்டாகும்? உருளைக்கிழங்குல ஏதோ நோய் வந்து பஞ்சம், இயற்கைப் பேரழிவு, சரி. அதுக்காக இத்தனை வருஷம் கழிச்சும் ஒப்பாரி வைக்கணுமா, அதுவும் பப்புலயும் ஃபுட்பால் கிரவுண்ட்லயும் பீர் கிளாஸோட? பாட விடலாமா வேண்டாமா, சொல்லுங்க. இதப் பத்தி நல்ல புக் இருந்தாலும் சொல்லுங்க.

(வாசகர், டப்ளின்)

அன்புள்ள தம்பி,

நேத்து ராத்திரி குருமாவுக்கு உருளைக்கிழங்கு நறுக்கிட்டிருந்தேன். வெளிய பாத்தா நல்லாதான் இருந்தது, ரெண்டா வெட்டினா நடுவுல கருப்பு, அந்த நாத்தம் வேற. தூக்கிப் போட்டுட்டு கை கழுவிட்டேன், ஆனா எங்க ஸ்கூல்ல இருந்த ஐரிஷ் கன்னியாஸ்திரி, சிஸ்டர் ஒருத்தங்க ஞாபகம் வந்துடுச்சு, அதுக்கப்புறம் தூக்கமே இல்ல. காலையில மெயிலத் திறந்தா உங்க லெட்டர்.

புக் லிஸ்ட்லாம் எங்கிட்ட கேக்காதீங்க, நீங்க இருக்கற ஊர்ல தெருவுக்குத் தெரு லைப்ரரி, போய்க் கேளுங்க. 1979 விஷயமும் எனக்குப் பெருசா படல. பீட் செயின்ட் ஜான்னு ஒருத்தர் எழுதினார், உண்மைதான். எழுதினவர் பேரே தெரியாம ஒரு நாடே பாட ஆரம்பிச்சுட்டா அது அந்த நாட்டுப் பாட்டுதான், விடுங்க. கிரவுண்ட் பத்திக் கேட்டீங்க. 2012 யூரோ கோப்பையில ஸ்பெயின்கிட்ட 4-0ன்னு தோத்துட்டிருக்கும்போது, கடைசி நிமிஷங்கள்ல, அயர்லாந்து ஜனம் மொத்தமும் எழுந்து நின்னு இந்தப் பாட்டைத்தான் பாடிச்சு. யூட்யூப்ல இருக்கும், பாருங்க.

ஆனா "இயற்கைப் பேரழிவு, சரி"ன்னு ஒரு வரியில முடிச்சிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம் வந்துது. ஏழு வருஷமா அந்த ஊர்ல சம்பாதிக்கறீங்க, புள்ளைய அங்க படிக்க வைக்கறீங்க, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட ஒரு தடவை கேட்டுத் தெரிஞ்சுக்கத் தோணலையா? கிழங்குல வந்த நோய்தான் இயற்கை. 1845ல பெல்ஜியத்துலயும் ஹாலந்துலயும் ஸ்காட்லாந்துலயும் அதே நோய் வந்தது. அயர்லாந்துல மட்டும் ஏன் 10 லட்சம் பேர் சாகணும், இன்னொரு 10 லட்சத்துக்கு மேல ஏன் கப்பல் ஏறணும்? 1841 சென்சஸ்ல 81 லட்சம் ஜனம், 1851ல 65 லட்சம், யோசிச்சுப் பாருங்க.

நிலம் அவங்களோடது இல்ல. விளையற ஓட்ஸும் வளக்கற பன்னியும் கடையற வெண்ணெயும் குத்தகைப் பணம் கட்டவே போயிடும், ஒரு துண்டு நிலத்துல போட்ட கிழங்குதான் வயித்துக்கு. உழைக்கற ஆம்பள ஒரு நாளைக்கு 5 கிலோவுக்கு மேல கிழங்கு சாப்பிடுவான், கூட கொஞ்சம் மோர், அவ்வளவுதான். கிழங்கு அழுகிப்போச்சு, ஆனா ஓட்ஸ் அழுகல, அது சிப்பாய் காவலோட துறைமுகம் போய் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிட்டுதான் இருந்தது. 1847ல வெளிய போன தானியத்த விட உள்ள வந்தது ஜாஸ்திங்கறதும் உண்மை, அதையே சொல்லி வாதாடறவங்க உண்டு, ஆனா வாங்கறதுக்குக் கையில காசு வேணுமே தம்பி? அதே 1847ல ஒரு சட்டம், கால் ஏக்கருக்கு மேல நிலம் வெச்சிருக்கறவனுக்கு நிவாரணம் கிடையாது, கஞ்சி வேணும்னா நிலத்த எழுதிக் குடுத்துட்டு வா. குடுத்துட்டு வந்தவன் வீட்டுக் கூரையப் பிரிச்சுப் போட்டாங்க, திரும்பி வந்து குடியேறிடக் கூடாதுன்னு. சில ஜமீன்தாருங்க அவங்களே டிக்கெட் எடுத்து அனுப்பிட்டாங்க, ஏன்னா ஏழைங்களுக்காகக் கட்டற வரிய விட கனடா டிக்கெட் மலிவு. ஸ்ட்ரோக்ஸ்டவுன்ங்கற ஊர்ல ஒரே எஸ்டேட்ல இருந்து 1,490 பேர், உங்க டப்ளினுக்கு வர்ற ராயல் கனால் கரையோடயே நடந்து வந்து கப்பல் ஏறினாங்க. அந்த வழியில இப்ப அங்கங்க வெண்கலத்துல சின்னக் குழந்தைங்க ஷூ செஞ்சு வெச்சிருக்காங்க, லீவுல பொண்ணக் கூட்டிட்டுப் போங்க. கனடாவுல க்ரோஸ் ஐல்ங்கற தீவுல 1847 ஒரு வருஷத்துல மட்டும் 5,000 பேருக்கு மேல புதைச்சாங்க.

இது இயற்கையா?

அந்தக் காலத்துலயே ஒரு பொம்பளைக்கு இது தெரிஞ்சிருந்தது. வாட்டர்ஃபோர்ட் பக்கம் ரிங்ன்னு கடலோர ஊரு, மாரெ நீ க்ரோமான்னு பேரு, ஐரிஷ் மொழியில கருத்த கிழங்குகளோட பாட்டுன்னு ஒண்ணு கட்டினா. ஏழைங்களக் குளிர்ல அலைய விட்ட இந்த வேலை கடவுள் செஞ்சது இல்லன்னு அதுல சொல்றா. அதே சமயம் லண்டன்ல கஜானா ஆபீஸ்ல உக்காந்து நிவாரணத்துக்கே பொறுப்பா இருந்த சார்லஸ் ட்ரெவெல்யன் 1848ல என்ன எழுதினார் தெரியுமா? இது கடவுளோட செயல், அதுவும் நல்லதுக்குத்தான்னு. படிச்ச பெரிய மனுஷன் பழியத் தூக்கி சாமி மேல போட்டார், ரிங் ஊர்ப் பொம்பள அந்தப் பழியில இருந்து சாமிய விடுவிச்சா. நீங்க யார் சொன்னதத் திருப்பி எழுதியிருக்கீங்கன்னு பாருங்க. ஒப்பாரின்னு வேற மட்டமா சொல்றீங்க, நம்ம ஊர் எழவு வீட்டுல கிழவிங்க வைக்கற ஒப்பாரிய நீங்க உக்காந்து கேட்டதே இல்லையா, செத்தவனுக்கு அழறது பாதி, அவனக் கவனிக்காம விட்டவங்கள நிக்க வெச்சு கேள்வி கேக்கறது மீதி.

இப்ப உங்க பொண்ணு பாட்டுக்கு வாங்க. அதுல வர்றது யார் சோளம்? பேர் சொல்லியே வரும், ட்ரெவெல்யனோட சோளம். அமெரிக்காவுல இருந்து வந்த மக்காச்சோளம், கல்லு மாதிரி, ஊர்ல அரைக்க மில் கிடையாது, அரைவேக்காட்டுல தின்ன ஜனம் வயித்தப் பிடிச்சுக்கிட்டு கிடந்துச்சு, 1846 கோடையில அந்த விற்பனையையும் நிறுத்தினார் அந்த ஆளு. அதே ஆளுதான் 1859ல மெட்ராஸ் கவர்னரா நம்ம ஊருக்கு வந்தார். ஜனங்க மேல புது வரி போடக் கூடாதுன்னு இங்க சண்டை போட்டதால மறு வருஷமே திருப்பிக் கூப்பிட்டுட்டாங்க. இங்க இருந்த அந்த மனசு அங்க ஏன் இல்லாமப் போச்சு, எனக்கு இன்னும் ஆறவே இல்ல. சென்ட்ரல் பக்கத்துல பீப்பிள்ஸ் பார்க் அமைச்சதும் அவர்தான். எங்க காலத்துல மிருகக்காட்சி சாலை அங்கதான் இருந்தது, 1985லதான் வண்டலூர் போச்சு.

அந்தப் பார்க்குக்கு எங்களக் கூட்டிட்டுப் போனது அந்த ஐரிஷ் சிஸ்டர்தான். அவங்க சபை 1842லயே மெட்ராஸ் வந்தது. இவங்க வந்தது 1930கள்ல, அயர்லாந்துல டொனிகால்ங்கற பக்கத்துக்காரங்க. அவங்க பாட்டி 1849ல பொறந்தவங்களாம், கிழங்கு அழுகின கதைய வீட்டுல சொல்லும்போது முதல்ல வந்தது நாத்தம்தான்னு சொல்வாங்களாம், ராத்திரி வயல்ல இருந்து நாத்தம் வரும், காலையில போய்ப் பாத்தா செடி பூரா கருப்பு. சாயங்காலம் பஸ்ஸுக்காக வராண்டாவுல நாங்க காத்திருக்கும்போது சிஸ்டர் பாடுவாங்க. 'ஸ்கிபரீன்'னு ஒரு பாட்டு, மகன் அப்பாகிட்ட கேக்கறான், இவ்வளவு நல்ல ஊருன்னு சொல்றியே, அப்புறம் ஏம்ப்பா விட்டுட்டு வந்தேன்னு. அப்பா ஒண்ணொண்ணா சொல்றார், பயிர் போனது, வாடகை, வீட்டக் கொளுத்தினது, பனித்தரையில அம்மா விழுந்தது, அப்புறம் ரெண்டு வயசுப் புள்ளையத் தன் கோட்டுல சுத்தி எடுத்துக்கிட்டு நடுராத்திரியில யாருக்கும் தெரியாமக் கிளம்பினது. அந்த இடம் வரும்போது சிஸ்டரோட கை தானா அவங்க வெள்ளை அங்கிய இழுத்து, மடியில இல்லாத ஒரு குழந்தையப் போத்தும். மெட்ராஸ் வெயில்ல.

பீரோட பாடறாங்களேன்னு கேட்டீங்க. சிஸ்டரோட டொனிகால் பக்கம் மலைப்பாதையில ஒரு சின்னக் கல்பாலம் இருக்கு, கண்ணீர்ப் பாலம்னே பேரு. அமெரிக்கா போறவனுக்கு முந்தின ராத்திரி உயிரோட இருக்கும்போதே சாவு வீடு மாதிரி விழிச்சிருப்பாங்க, பாட்டு, ஆட்டம், சாராயம் எல்லாம் உண்டு, ஏன்னா இனிமே அந்த முகத்தப் பாக்கப் போறதில்ல. விடிஞ்சதும் பாலம் வரைக்கும் கூட நடப்பாங்க, அதுக்கு அந்தாண்ட வர மாட்டாங்க. சிஸ்டரோட பாட்டிக்கு ஒரு அக்கா, அவங்க அந்தப் பாலம் தாண்டிப் போனவங்க, அப்புறம் பாக்கவே இல்லையாம். சிஸ்டரும் கடைசி வரைக்கும் அவங்க அம்மாவப் பாக்கல.

பொண்ணு பாடட்டும் தம்பி. ஒண்ணு மட்டும் சொல்லிக்கொடுங்க. ட்ரெவெல்யன் பேர் வர்ற இடம் மெட்டுல வேகமா ஓடிடும், பசங்க முழுங்கிடுவாங்க. அந்தப் பேர நிறுத்தி, தெளிவா பாடச் சொல்லுங்க. உங்க சங்கத்துல மெட்ராஸ்காரங்க நாலு பேராவது இருப்பாங்க, அவங்க காதுலயும் விழட்டும்.

அன்புடன்,
அக்கா