வயிற்றில் ஒரு படி

போன இதழில் தண்ணீரில் இறங்கி ஏறும், கரையில் நின்று ரேடியோவால் ஓட்டும் மாதிரி விமானத்தைப் பற்றி நாலு வரிதான் எழுதினேன். அதற்கே கடிதங்கள் குவிந்துவிட்டன. புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: நான் கோவையில் ஃபவுண்டரிகளுக்கு மர பேட்டர்ன் (மணலில் வார்ப்பு அச்சு எடுக்க உதவும் மர மாதிரி) செய்து 34 வருடம் ஓட்டியவன். விமானம் படித்தவன் அல்ல. மரம் என்ன சொன்னால் கேட்கும், எங்கே முரண்டு பிடிக்கும் என்பது மட்டும் கொஞ்சம் தெரியும்.

*பால்சா என்ற லேசான மரத்தில், 1.4 மீட்டர் இறக்கையோடு, வயிறே படகாக மிதக்கும் ஒரு படகு விமானம் கட்டினேன். எடை 1.9 கிலோ, மோட்டார் 400 வாட். எங்கள் ஊர்க் கண்மாயில் முழு வேகத்தில் ஓடுகிறது, ஆனால் எழும்ப மறுக்கிறது. அடிவயிற்றின் குறுக்கே படிக்கட்டு மாதிரி வெட்டிய படி, பேலன்ஸ் புள்ளிக்கு ஒன்றரை செ.மீ. பின்னால்தான் இருக்கிறது. பெரிய மோட்டார் வாங்கட்டுமா? – காரைக்குடி வாசகர்*

வாங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய நாலு படங்களில் மூன்றாவதை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடிவயிற்றுப் படியின் விளிம்பை உப்புத்தாள் போட்டு வழவழவென்று உருட்டி, மேலே வார்னிஷும் அடித்திருக்கிறீர்கள். பார்க்க அழகு. பிழையும் அதுதான்.

இன்று சாயங்காலம் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். விளிம்பு மடித்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எடுத்து மெல்லச் சாயுங்கள். தண்ணீர் விளிம்பிலேயே அறுந்து நேராக விழும். அடுத்து, விளிம்பே இல்லாத வழவழப்பான பீங்கான் கோப்பையில் அதே மாதிரி சாயுங்கள். தண்ணீர் கோப்பையின் வயிற்றை நக்கிக்கொண்டு அடிப்பக்கம் வரை ஓடி உங்கள் முழங்கையை நனைக்கும். உருண்டையான பரப்பைத் தண்ணீர் லேசில் விடாது. கூரான விளிம்பு வந்தால்தான் விடும்.

விமானத்தின் படிக்கு இருக்கும் ஒரே வேலை அந்த அறுப்புதான். வேகம் ஏற ஏற, படிக்கு முன்னால் உள்ள அடிப்பலகை மட்டும் தண்ணீர்மேல் வழுக்க வேண்டும். படிக்குப் பின்னால் காற்று புகுந்து, வால்பக்கத்து வயிறு காய்ந்திருக்க வேண்டும். உங்கள் விமானத்தில் தண்ணீர் படியைச் சுற்றி வளைந்துபோய் வாலைக் கீழே உறிஞ்சிப் பிடித்திருக்கிறது. இந்தப் பிடியை 400 வாட் அல்ல, 600 வாட் போட்டாலும் சண்டை போட்டுத்தான் விடுவிக்க வேண்டும்.

மருந்துக்கு அஞ்சு பைசா செலவில்லை. காலாவதியான ஏ.டி.எம். கார்டை 6 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். படியின் விளிம்பை ஒட்டி அடிப்பலகையில், 2 மி.மீ. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி எபாக்சி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) வைத்து ஒட்டுங்கள். ஒட்டுமிடத்தில் வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பட்டை வார்னிஷோடு உரிந்து வந்துவிடும். படியின் ஆழத்தையும் அளந்து பாருங்கள். அடிப்பலகை 11 செ.மீ. அகலமான என் விமானத்தில் 12 மி.மீ. ஆழம் வைத்திருக்கிறேன்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் முதல் படகு விமானம் எங்கள் ஊர்க் குளத்தின் இந்தக் கரையில் கிளம்பி, அந்தக் கரை ஆகாயத்தாமரைக்குள் போய்த்தான் நின்றது. மூன்று முறை. மூன்று முறையும் மீன் பிடிக்க வந்த பரிசல்காரர் எடுத்துக்கொண்டு வந்தார். கடைசி முறை கையில் கொடுக்கும்போது, "ஏனுங்கண்ணா, இது படகுங்களா, ஏரோப்ளேனுங்களா?" என்றார். "எனக்கும் அதுதான் புரியலீங்க" என்றேன். பேட்டர்ன் வேலையில் மூலை என்று கண்டால் உருட்டிவிடுவது எங்கள் கைக்குப் பழகிய புத்தி. மூலை கூராக இருந்தால் மணல் அச்சு உடையும், வார்ப்பும் விரிசல் விடும். அந்தப் புத்தியைக் குளக்கரைக்கும் கொண்டுபோயிருக்கிறேன்.

இன்னும் இரண்டு விஷயம். காற்றே இல்லாமல் கண்மாய் கண்ணாடியாகக் கிடக்கும் காலை வேளையில் கிளப்பாதீர்கள். சிற்றலை இருந்தால் வயிற்றுக்கடியில் காற்று புகும், பிடி சீக்கிரம் விடும். ஓட்டும்போது முதலில் ரிமோட்டில் எலிவேட்டர் குச்சியை (மூக்கை ஏற்றி இறக்கும் குச்சி) முழுக்கப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். மூக்கு தூக்கி, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கஷ்டப்பட்டு ஓடும். பிறகு சட்டென்று வழுக்க ஆரம்பிக்கும் இடம் ஒன்று வரும், சத்தமே மாறும். அங்கே குச்சியைத் தளர்த்திவிட வேண்டும். தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால் வால் மறுபடி தண்ணீரில் உட்காரும், இல்லையென்றால் தவளை மாதிரி தத்தித் தத்திப் போகும். உங்கள் மோட்டார் இறக்கைக்கு மேலே தூண் வைத்து நிற்கிறது. அதனால் த்ராட்டிலை, அதாவது மோட்டார் வேகத்தை, திடீரென்று ஏற்றினால் மூக்கு கீழே குத்தும். படிப்படியாக ஏற்றுங்கள்.

1.9 கிலோ கொஞ்சம் கனம்தான். எங்கே ஏறியது என்று அடுத்த பதிலைப் படித்தால் தெரியும்.

*பால்சா விலை கட்டுப்படியாகவில்லை. எங்கள் ஊரில் நெட்டி வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். நெட்டி பால்சாவை விட லேசு. அதில் கட்டினால் என்ன? – தஞ்சாவூர் வாசகி, கல்லூரி மாணவி*

கேள்வியைப் படித்ததும் கை பரபரத்தது. என்னிடம் ஒரு நெட்டிக் கோபுரம் இருக்கிறது. அதன் உடைந்த துண்டு ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, திரும்ப எழவில்லை. நெட்டி நீர்நிலைகளில் வளரும் செடியின் தண்டு. உள்ளே எல்லாம் காற்றறை. இழுவையைத் தாங்கும் நீள நார் அதில் இல்லை. பால்சா அப்படி அல்ல. ஈக்வடார் காடுகளில் அஞ்சாறு வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும் மரம், ஆனாலும் மரம்தான். நீளவாக்கில் இழைகள் ஓடுவதால், எடைக்குத் தகுந்த பலத்தை விட மிஞ்சியே தரும். 'பால்சா' என்ற ஸ்பானியச் சொல்லுக்குத் தெப்பம் என்று பொருள்.

எனவே இறக்கை முதுகெலும்புக்கு நெட்டி வேண்டாம். பைலட் பொம்மைக்கும், மோட்டார் தூணை மூடும் வளைவுக்கும் பயன்படுத்துங்கள். என்னுடையதில் பைலட் தலையைச் செதுக்கியது நெட்டியில்தான், எடை 2 கிராம்கூட இல்லை.

பால்சாவில் காசு மிச்சம் பிடிக்க வழி, கடைக்குச் சமையலறைத் தராசோடு போவது. 3 மி.மீ. தடிமன், 75 மி.மீ. அகலம், 915 மி.மீ. நீளப் பலகை ஒன்று 22 கிராம் இருக்கும். அதே அளவு இன்னொன்று 45 கிராம் காட்டும். விலை இரண்டுக்கும் ஒன்றே! கனமானதை இறக்கை முதுகெலும்புக்கும், லேசானதை வாலுக்கும் வையுங்கள். வாலில் ஒரு கிராம் ஏறினால் அதைச் சமன்செய்ய மூக்கில் இரண்டு, மூன்று கிராம் ஈயம் கேட்கும். காரைக்குடி நண்பரின் விமானத்தில் கூடிப்போன எடையில் பாதி இப்படி ஏறியதாகத்தான் இருக்கும்.

பிளைவுட் மூன்று இடத்தில் போதும்: மோட்டார் தாங்கும் தட்டு, இறக்கை உட்காரும் இடம், இறக்கை நுனியில் மிதவை பொருத்தும் கால். 3 மி.மீ. பிர்ச் பிளைவுட் கிடைத்தால் நல்லது. எது வாங்கினாலும் ஒரு துண்டைப் பாத்திரத்தில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். அடுக்கு விரிந்தால் அந்தப் பலகை தண்ணீர் விமானத்துக்கு ஆகாது. (பழைய பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் குக்கரில் போட்டதற்கு இன்றுவரை பேச்சு கேட்கிறேன்.)

*எந்தப் பசை? – ஈரோடு வாசகர்*

உள்ளே எதுவானாலும் சரி. தண்ணீர் படும் இடத்தில் 30 நிமிட எபாக்சி. சாதாரண வெள்ளைப் பசை காய்ந்தால் கல் மாதிரி இருக்கும், ஈரத்தில் ஊறினால் மறுபடி பாலாகிவிடும். ஒருநாள் ஏழாவது ஓட்டத்தில் என் விமானத்தின் அடிப்பலகை மட்டும் தனியாக மிதந்தது, விமானம் தனியாக. அதற்குப் பிறகு, அடிவயிறு முழுக்கச் சதுர மீட்டருக்கு 25 கிராம் எடையுள்ள மெல்லிய கண்ணாடியிழைத் துணியை விரித்து எபாக்சி தடவுகிறேன். பழைய டெலிபோன் கார்டால் மிச்சப் பிசினை வழித்து எடுங்கள். வழிக்காத பிசின் அத்தனையும் எடை.

ஓடி முடித்ததும் உள்ளே புகுந்த தண்ணீரை வடித்து, மூடியைத் திறந்து வெயிலில் வையுங்கள். மீனவர்கள் கட்டுமரத்தைக் கட்டவிழ்த்துக் கரையில் காயப்போடுவது எதற்காகவோ, அதற்காகத்தான்.

*போர்க்காலத்தில் புழல் ஏரியில் விமானம் இறங்கியதாக என் தாத்தா சொல்வார். கதையா, நிஜமா? – செங்குன்றம் வாசகர்*

தாத்தா சொன்னது நிஜம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையின் 240ஆம் அணி புழல் ஏரியில்தான் முகாமிட்டிருந்தது. அவர்கள் ஓட்டியது கேட்டலினா படகு விமானங்கள், இறக்கை 104 அடி. இலங்கையின் கொக்கலையிலும் கேட்டலினாக்கள் இருந்தன. 1942 ஏப்ரல் 4ஆம் தேதி, இலங்கையைத் தாக்க வந்த ஜப்பானியக் கப்பல் படையைக் கண்டு முதலில் தகவல் அனுப்பியது கொக்கலையிலிருந்து கிளம்பிய கேட்டலினாதான். 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கொக்கலைக்கு இதே விமானத்தை நிற்காமல் ஓட்டியது. 27 முதல் 33 மணி நேரம் ஆகுமாம், பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்த்தார்கள்.

கேட்டலினாவை மாதிரியாகக் கட்ட ஆசை வந்திருக்குமே? நிஜ விமானத்தில் இறக்கை நுனி மிதவைகள் பறக்கும்போது மேலே மடங்கி, நுனியாகவே மாறிவிடும். முதல் மாதிரியில் அந்த வித்தையை விட்டுவிட்டு மிதவையை நிலையாக வையுங்கள். கட்டியதைப் புழலுக்குக் கொண்டுபோகாதீர்கள், அது சென்னை குடிக்கும் தண்ணீர்.

*அரசு அனுமதி வேண்டுமா? கடலில் விடலாமா? – நாகர்கோவில் வாசகர்*

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ' வகை. வணிகத்துக்கு இல்லையென்றால் பைலட் சான்றிதழ் கேட்பதில்லை. அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா என்று பாருங்கள். பச்சையில் 400 அடி வரை போகலாம், ஆனால் கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டக் கூடாது. குளம் யாருடையதோ அவர்களிடம் கேட்பது தனிக் கணக்கு.

கடல் வேண்டாம். நல்ல தண்ணீரில் முங்கிய மோட்டாரைக் காயவைத்து, பேரிங்குக்கு எண்ணெய் விட்டால் பெரும்பாலும் ஓடும். உப்புத் தண்ணீர் பட்ட ரிசீவர் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் பெட்டி) ஒரு வாரத்தில் பச்சை பூத்துவிடும்.

*நடுக்குளத்தில் மோட்டார் நின்றுவிட்டால்? – மதுரை வாசகர்*

நீந்திப் போகாதீர்கள். ஆகாயத்தாமரையும் சேறும் காலைப் பிடிக்கும். தூண்டில் நரம்பு 60 மீட்டர், முனையில் ஒரு டென்னிஸ் பந்து. விமானத்தைத் தாண்டி எறிந்து மெல்ல இழுத்தால் நரம்பு வாலில் மாட்டிக்கொண்டு வரும். காற்று கரையைப் பார்த்து வீசினால் அதுவும் வேண்டாம், ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் தானே ஒதுங்கியிருக்கும். நான் இப்போதும் கிளம்புவதற்கு முன்னால் பரிசல் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன். அவரும் என்னைக் கண்டால் வலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.