பத்துப் பத்தாகத் தர ஏலாது

அன்புள்ள அக்கா,

நான் ஹட்டன் பக்கம். வேலை மாற்றலாகி மட்டக்களப்புக்கு வந்து கல்லடியில் அறை எடுத்திருக்கிறேன். ஐந்தரைக்கு வேலை முடிந்தால் பிறகு போனும் நானும்தான். பாட்டுக் கேட்பேன், படம் பார்ப்பேன், டிஜிட்டலில் ஏதாவது வரைவேன், கடையில் சாப்பிடுவேன். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் எடுத்துத் தருவதெல்லாம் ஏற்கெனவே கேட்டது மாதிரியே இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த பாட்டு பத்து, படம் பத்து, டிஜிட்டல் கலையில் பத்து, இந்த ஊர்ச் சாப்பாட்டில் பத்து என்று எழுதித் தருவீர்களா? ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் கேட்கவும் ஏதாவது வேண்டும்.

ச., கல்லடி

அன்புள்ள தம்பி,

பத்துப் பத்தாகத் தர ஏலாது. என் சோம்பல் ஒரு காரணம். மற்றது, இந்த ஊரில் நல்லதென்று நான் சொல்லக்கூடியவற்றில் பாதிக்கு நாள் பார்க்க வேண்டும். வைகாசியில் கேட்க வேண்டியதை ஐப்பசியில் தேடினால் கிடைக்காது. மிச்சப் பாதிக்கு யாராவது உங்களை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். போனுக்கு இது விளங்காது. ஆகவே எந்நேரமும் கிடைப்பதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

படம் ஒன்றே ஒன்று: பாலு மகேந்திராவின் 'வீடு'. 1988இல் வந்தது. அவர் பிறந்த அமிர்தகழி உங்கள் அறையிலிருந்து தூரமில்லை, மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கிற இடம்தான். படித்தது இங்கே புனித மிக்கேல் கல்லூரியில். ஊர்க்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் வாடகை அறையில் இருப்பதால் சொல்கிறேன். சென்னையில் வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிட்டதால் ஒரு பெண் சொந்தமாக வீடு கட்டப் புறப்படுகிறாள், அவ்வளவுதான் கதை. பாட்டு ஒன்றுகூட இல்லை. பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகப் போகிற இடம் வரும்போது போனைத் தூர வைத்துவிடுங்கள்.

அந்தப் படத்தின் பின்னணி இசை புதிதாகப் போட்டதல்ல. 1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' என்று ஒரு வாத்திய இசைத் தொகுப்பு வெளியிட்டிருந்தார். தியாகராஜரையும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கையும் ஒரே இடத்தில் உட்கார வைத்த வேலை. அதிலிருந்து எடுத்துத்தான் படத்துக்குப் பயன்படுத்தினார்கள். உங்கள் பஸ்ஸுக்கு அதுவே போதும். ஆனால் டிரைவர் போடும் பாட்டுக்கு மேலே கேட்காது, நல்ல இயர்போன் வேண்டும்.

வரைகிறீர்கள் என்பதால் 'வீடு' படத்தை இரண்டாம் தரமும் பாருங்கள், இந்த முறை சத்தமில்லாமல். ஒளிப்பதிவும் அவரே. கூடியவரை இருக்கிற வெளிச்சத்தை வைத்தே எடுத்தவர். ஜன்னலால் வரும் வெயில் சுவரில் எந்த இடத்தில் நிற்கிறது, முகத்தில் எவ்வளவை இருட்டாகவே விட்டிருக்கிறார் என்று அங்கங்கே நிறுத்திப் பாருங்கள். போனில் வரைகிறவர்கள் செய்கிற ஒரு வேலை எனக்குப் பிடிப்பதில்லை. நிழல் என்றால் கறுப்பைத் தேய்த்துவிடுகிறார்கள். கல்லடிப் பாலத்தில் பின்னேரம் ஆறு மணிக்கு நின்று பாருங்கள், வாவியில் கறுப்பு எங்கே இருக்கிறது? நீலம் இருக்கிறது, பழுத்த மாவிலை நிறம் இருக்கிறது, தோணிக்கு அடியில் ஒரு பாசிப் பச்சை இருக்கிறது.

டிஜிட்டலில் பார்க்க வேண்டியது என்றால், லாத்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸின் 'ஃப்ளோ'. வெள்ளத்தில் அகப்பட்ட ஒரு பூனையின் கதை, வசனமே கிடையாது. 2025இல் ஒஸ்கார் வாங்கியது. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்த படம் அது. நல்ல கணினி இல்லை, காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் இல்லை என்று வரையாமல் இருக்கிறவர்களுக்கெல்லாம் நான் இதைத்தான் காட்டுவது. இந்தப் படத்துக்கு முன்னர் அதே ஆள் 'அவே' என்ற முழுநீளப் படத்தைத் தனியாகவே செய்து முடித்திருக்கிறார். வரைவதற்குக் கிரிட்டா போதும், அதுவும் இலவசம். மறுகா, கல்லடியிலேயே விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே காட்சிக் கலை படிக்கிற பிள்ளைகள் கண்காட்சி வைத்தால் போங்கள். எல்லாம் நன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். இந்த ஊரை உங்கள் வயதுக்காரர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதாவது தெரியவரும்.

சரி, இனி நாள் பார்க்க வேண்டியவை.

பாட்டில் முதலாவதாக நான் சொல்வது கூத்து. அது பார்ப்பதல்லவா என்பீர்கள். கேளுங்கள். பெரும்போக நெல் அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கிற மாதங்களில், கோயில் சடங்கை ஒட்டி, வாவிக்கு அப்பால் படுவான்கரை ஊர்களில் வட்டக்களரி (வட்டமான ஆடுகளம்) போட்டு விடியவிடிய ஆடுவார்கள். எங்கே, எப்போது என்று இணையத்தில் தேட வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் படுவான்கரையிலிருந்து வருகிற யாராவது இருப்பார், அவரிடம் கேளுங்கள்.

முதல் ஒரு மணித்தியாலம் உங்களுக்குப் பிடிக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒலிபெருக்கி கரகரக்கும், ஒருவருக்கும் அவசரம் இருக்காது, ஆட்டக்காரர் வரவைச் சொல்கிற கட்டியகாரன் வந்து சொன்னதையே சொல்வான். எழும்பி வந்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் பாயில் படுத்துத் தூங்கிய பிறகுதான் கூத்துக்குச் சூடு பிடிக்கும். அந்நேரம் மத்தளத்துக்குக் கிட்டப் போய் இருங்கள். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டி ஆட்டக்காரனைத் திருப்புவார், சல்லரித் தாளம் அதைப் பிடித்துக்கொள்ளும், பக்கப்பாட்டுக்காரர் அடியை வாங்கி மேலே கொண்டுபோவார், நடுவில் சதங்கை. ஒவ்வொருவர் வரவுக்கும் தாளம் வேறு. கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. வடமோடியில் பெரும்பாலும் பாரதமும் இராமாயணமும், போர்தான். தென்மோடி கொஞ்சம் ஆற அமர நடக்கிறது, காதல் கதைகளும் வரும், ஆட்டம் நுணுக்கம். எனக்குத் தென்மோடி. ஊரில் கேட்டால் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்துகளைச் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். அதில் ஆடிய மௌனகுரு எங்கள் ஊர்க்காரர், பிறகு பேராசிரியராகி 'இராவணேசன்' நாடகத்தைத் திரும்பத் திரும்பப் புதுக்கினார். அந்த வழியில் வருகிற மேடைக் கூத்துகளும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் களரியில் ஒரு இரவு விழித்திருந்துவிட்டுப் பாருங்கள். எதைச் சுருக்கினார்கள், எதை விடாமல் வைத்தார்கள் என்பது அப்போதுதான் பிடிபடும். பழைய கூத்துப் பிரதிகளை வாசிக்க ஆசை வந்தால் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் தேடலாம். வாசிப்பது வேறு, கேட்பது வேறு என்பதையும் மனதில் வையுங்கள்.

வைகாசி வந்தால் கண்ணகியம்மன் கோயில்கள். இவற்றில் பல வருடத்தில் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் கதவு திறக்கிறவை. மதுரையை எரித்த கோபம் ஆற வேண்டும் என்று கடைசி நாள் குளிர்த்தி பாடுவார்கள், அதற்கு முன்னான நாட்களில் கண்ணகி கதையான வழக்குரை படிப்பார்கள். கச்சேரி ரசிகராகப் போகாதீர்கள். சுருதி விலகும், குரல் உடையும், அதெல்லாம் அங்கே ஒரு குறையில்லை. பதிவு செய்வதாக இருந்தால் முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இனி வருவது யாராவது கூப்பிட்டால்தான் கிடைக்கும். மட்டக்களப்பில் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. போர்த்துக்கேயம் கலந்த தங்கள் சொந்த மொழியை வயதானவர்கள் இன்னும் பேசுகிறார்கள். அவர்களுடைய கல்யாண வீட்டில் வயலினும் றபான் மேளமும் சேர்ந்து கப்ரிஞ்ஞா ஆட்டம் தொடங்கினால் காலைச் சும்மா வைத்திருக்க ஒருவராலும் முடியாது. நாடெல்லாம் பஸ்ஸிலும் பார்ட்டியிலும் பாடுகிற பைலாவுக்கு அடித்தாளம் இதிலிருந்து போனதுதான். பொலிஸ்காரராக இருந்த வோலி பஸ்டியன் அதற்குச் சிங்களப் பாட்டுக் கட்டிப் பரப்பினார். கூட வேலைசெய்கிறவர் கல்யாணத்துக்கு அழைத்தால் 'வேலை இருக்கிறது' என்று சொல்லிவிடாதீர்கள்.

வாவியில் மீன் பாடுவதைக் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இங்கே வருகிற எல்லாரும் கேட்பார்கள். பூரணை இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியை நீரில் வைத்து மறு நுனியில் காதை வைக்க வேண்டும். பாலத்தில் நின்றால் மோட்டார் சைக்கிள்தான் பாடும்.

சாப்பாட்டில் உங்களுக்குக் கெட்ட செய்தி. இந்த ஊரின் நல்ல சாப்பாடு கடையில் இல்லை. கொத்து நன்றாகத்தான் போடுகிறார்கள், அது ஹட்டனிலும் கிடைக்கும். வீடுகளில் பச்சைக் கொச்சிக்காய் கீறிப் போட்டுத் தேங்காய்ப்பாலில் வைக்கிற பாலாணம், மீன் புளியாணம், கூனி இறால் போட்ட முருங்கையிலைச் சுண்டல், வாவி நண்டு. இவற்றை அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு சாப்பிட வேண்டும். பாலாணத்தைத் திரும்பச் சூடாக்கினால் அதன் கதை முடிந்தது. நோன்பு காலத்தில் காத்தான்குடிப் பக்கம் சிநேகிதர் இருந்தால் கஞ்சிக்குப் போங்கள், பெருநாளைக்கு வட்டிலப்பம் தானாகவே வரும்.

கடையில் வாங்கக்கூடியது முட்டித் தயிர். எருமைத் தயிரா என்று கேட்டு வாங்குங்கள். மண்முட்டி தண்ணீரை இழுத்துக்கொள்வதால்தான் கரண்டியால் வெட்டி எடுக்கிற பதம் வருகிறது, பிளாஸ்டிக் கோப்பையில் அந்தப் பதம் இராது. வயலில் பெரும்போகம் நிற்கும்போது மாட்டுப் பட்டிகளை மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோவார்கள். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகள் பறிபோகின்றன என்று பண்ணையாளர்கள் 2023இல் சித்தாண்டி வீதியோரம் போராட்டம் தொடங்கினார்கள். முட்டி வாங்கும்போது அந்தக் கதையையும் விற்கிறவரிடம் கேளுங்கள், சொல்வார்.

தயிருக்கு ஊற்றுகிற கித்துள் பாணி உங்கள் மலைப் பக்கத்துச் சரக்கு. இங்கே போத்தலில் வருவதில் சீனிப் பாகு கலப்பது அதிகம். அடுத்த முறை ஊருக்குப் போய்வரும்போது தெரிந்த வீட்டில் காய்ச்சியதாக ஒரு போத்தல் எனக்கும் கொண்டுவாருங்கள். காசு தருவேன்.